லினக்ஸ் பேக்கேஜ் வேலைக்கு 38,000 ரூபாய் போச்சு, நீங்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன். முன்பணமும் பாக்கியும் சேர்த்து 38,000 ரூபாய், ஃப்ரீலான்சர்களைப் பிடித்துத் தரும் ஓர் ஆன்லைன் தளம் வழியாகப் போய்விட்டது. தளத்தின் பெயரை இப்போது எழுத முடியாத நிலை. இந்த மாதிரி வேலையை வெளியே கொடுக்கப் போகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளுக்கு, இரும்புத் தகட்டில் எந்தத் துண்டை எங்கே வெட்டினால் சேதாரம் குறையும் என்று கணக்குப் போடும் சாஃப்ட்வேர் எழுதி விற்கிறேன். முழுக்க காமன் லிஸ்ப் என்ற புரோகிராமிங் மொழி. அதற்கான எஸ்பிசிஎல் கம்பைலரில், ஓடும் புரோகிராம் தன் மெமரியை அப்படியே ஒரு எக்ஸிகியூட்டபிள் ஃபைலாகக் கொட்டிவிடும். முன்னால் சின்ன ரன்டைம், அதன் வாலில் ஒட்டிய பெரிய இமேஜ், அதாவது கொட்டிய மெமரி. என்னுடையது 40 எம்பிக்கு மேல் வரும். அதை உபுண்டு லினக்ஸில் இன்ஸ்டால் செய்கிற டெப் பேக்கேஜாக்கித் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

"எஸ்பிசிஎல் எனக்குத் தண்ணி பட்ட பாடு ப்ரோ" என்றான் தளத்தில் கிடைத்த ஃப்ரீலான்சர். ப்ரொஃபைலிலும் ஐந்து ஸ்டார். வேலை முடிந்ததென்று ஸ்கிரீன் ஷேர் போட்டான். என் சாஃப்ட்வேர் திறந்தது, நான் அனுப்பிய சாம்பிள் தகட்டின் வரைபடம் அழகாக வந்தது. மனசு நிறைந்துவிட்டது. "பக்காவா ஓடுது பாருங்க ப்ரோ, மைல்ஸ்டோன ரிலீஸ் பண்ணிடுங்க, அப்படியே ரேட்டிங்கும் போட்டுடுங்க." மைல்ஸ்டோன் என்றால் தளம் பிடித்து வைத்திருக்கும் பணத்தை விடுவிப்பது. இரண்டையும் செய்தேன். அவன் ஓட்டிக் காட்டியது பேக்கேஜுக்குள் போன ஃபைலையே அல்ல, பில்ட் ஃபோல்டரில் கிடந்த ஒரிஜினலை!

பட்டறையில் இன்ஸ்டால் ஒழுங்காக ஆனது. ஓட்டினால், கோர் ஃபைலைக் (அந்த இமேஜைத்தான் சொல்கிறது) காணோம் என்று ஒரே வரி. "தம்பி, நாளைக்கு லோடு ஏத்தணும், இப்பப் போய் இப்படிச் சொன்னா எப்படி?" என்று முதலாளி கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

அவனைக் கூப்பிட்டால், "அந்த மெஷின்ல எஸ்பிசிஎல் இல்ல, அதப் போடுங்க." போட்டோம். கட்டளைக்காகக் காத்திருக்கும் லிஸ்ப்பின் வெறும் நட்சத்திரக் குறி வந்து நின்றது, என் புரோகிராமைக் காணவில்லை. அப்புறம் ஹார்ட்வேர் பழசு என்றான். அப்புறம், "இந்த டெக்னாலஜியே காலாவதி, ஈமேக்ஸே விட்டுட்டாங்க." இதுதான் வயிற்றெரிச்சல். ஈமேக்ஸ் என்பது லிஸ்ப்பை வைத்து ஓடும் டெக்ஸ்ட் எடிட்டர், அதுவும் இப்படி மெமரியைக் கொட்டும். 2020-ல் ஈமேக்ஸ் 27 ஒதுக்கி வைத்தது அன்எக்செக் என்ற பழைய வழியை மட்டும். இன்றைக்கும் மெமரியைக் கொட்டத்தான் செய்கிறது, தனி ஃபைலில். அரைகுறையாகக் கேள்விப்பட்டதை வைத்து என் வாயை அடைக்கப் பார்த்தான். அதன்பின் பதிலே இல்லை.

தளத்தின் சப்போர்ட்? "மைல்ஸ்டோனை நீங்களே அப்ரூவ் செய்துள்ளீர்கள், புகார் காலம் முடிந்தது." வேறு வேறு பெயரில் வந்து அதே வரிகளை ஒட்டினார்கள். 38,000 ரூபாய் வாங்கிக் கொடுத்த தளம், கொடுத்த ஃபைல் ஓடுகிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

தரமணியில் வேலை பார்க்கும் நண்பன்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தான். "முதல்ல ஃபைல் சைஸப் பாருடா." இன்ஸ்டால் ஆனது 1 எம்பிகூட இல்லை. டெப் பேக்கேஜ் செய்யும் டெபியனின் (உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ்) பில்ட் கருவிகள் கடைசியில் தாமாகவே ஸ்ட்ரிப் என்ற ஃபைல் சுருக்கும் கருவியை ஓட்டும். சிம்பல்களை (ஓடத் தேவையில்லாத பெயர்ப் பட்டியலை) கழித்து ஃபைலைத் திரும்ப எழுதும்போது, ஃபைலின் முன்னால் உள்ள ஈஎல்எஃப் ஹெடரில் கணக்கில் உள்ளவை மட்டும்தான் மிஞ்சும். வாலில் ஒட்டிய இமேஜ் எந்தக் கணக்கிலும் இல்லை, அதனால் மொத்தமாகப் போய்விடும். பேக்கேஜ் எப்படிச் செய்வது என்று சொல்லும் ரூல்ஸ் ஃபைலில் அந்த ஸ்ட்ரிப் படியை வெறுமையாக ஓவர்ரைட் செய்ய ஒரு வரி போதும். நண்பன் போட்டான், ஓடிவிட்டது. பேக்கேஜ் செய்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு வரி. அதைப் போடத் தெரியாதவனுக்கு 38,000 ரூபாய்.

பார்க்க வேண்டியவை என்றேன். விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. எஸ்பிசிஎல் இல்லாத புது உபுண்டுவில் பேக்கேஜைப் போட்டு, அங்கிருந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் ஃபைல் சைஸைப் பாருங்கள். ரெட்ஹாட் வகை லினக்ஸின் ஆர்பிஎம் பேக்கேஜிலும் ஸ்ட்ரிப் தானாக ஓடும். கஸ்டமர் உபுண்டு 20.04 வைத்திருந்தால் 22.04-ல் பில்ட் செய்ய விடாதீர்கள், அவற்றிலுள்ள ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரி 2.31-க்கும் 2.35-க்கும் ஒத்துப்போகாமல் திறக்காமலே போகலாம். கஸ்டமர் மெஷினில் ஓடும்வரை மைல்ஸ்டோனைத் தொடாதீர்கள்.

இதே மாதிரி பணம் போனவர்கள் இருந்தால் மெசேஜ் அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.