கழுத்து நடுவில் கட்டி: அல்ட்ராசவுண்டா, சிடி ஸ்கேனா?

என் மகளுக்குக் கழுத்தின் நடுவில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார் டாக்டர், கட்டியும் கூடவே மேலே ஏறியது. தைரோகுளோசல் நீர்க்கட்டியாக இருக்கலாம் என்றார். கருவில் தைராய்டு நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கி வந்த பாதை முழுதாக மறையாமல் போனால் வருவது. அதை உறுதி செய்ய எந்த ஸ்கேன்? நாங்கள் எடுத்தது அல்ட்ராசவுண்ட், இன்னொரு தடவை என்றாலும் அதைத்தான் எடுப்பேன்.

சிடிக்குச் செலவு அதிகம், கதிர்வீச்சும் உண்டு என்பதெல்லாம் தெரிந்த விஷயம். சின்னக் குழந்தை அசையாமல் படுக்காவிட்டால் சிடிக்கு மயக்க மருந்தும் தேவைப்படலாம். இவளுக்கு ஜெல் சில்லென்று இருந்ததுதான் ஒரே புகார்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா? அபூர்வமாகச் சிலருக்கு அந்தச் சுரப்பி இறங்கும் வழியிலேயே நின்றுவிடும், வெளியே பார்த்தால் நீர்க்கட்டி மாதிரியே இருக்கும். உடம்பில் இருக்கும் ஒரே தைராய்டு அதுவாக இருந்து, கட்டி என்று நினைத்து வெட்டிவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரைதான். மூச்சுக்குழாயின் இரு பக்கமும் தைராய்டின் மடல்கள் இருக்கின்றனவா என்று அல்ட்ராசவுண்டிலேயே பார்த்துவிடலாம். ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடியதும் அந்த வரியைத்தான். சிடியிலும் தைராய்டு தெரியும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படம் தெளிவாகத் தெரிய அதற்குப் போடும் கான்ட்ராஸ்ட் மருந்தில் அயோடின் உண்டு, தைராய்டு அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தைராய்டுக்கு அணுக்கதிர் ஸ்கேன் தேவைப்பட்டால் சில வாரங்கள் காத்திருக்க வேண்டி வரும்.

அல்ட்ராசவுண்டும் ஏமாற்றும். உள்ளே இருக்கும் நீர் கெட்டியாக இருந்தால் திசுக்கட்டி போலக் காட்டும், அதனால் பார்ப்பவரின் அனுபவம் முக்கியம். கட்டி நாக்கின் அடிவரை போனாலோ, சீழ் ஆழமாகப் பரவினாலோ சிடி அல்லது எம்ஆர்ஐ தேவைதான். எம்ஆர்ஐ எங்களுக்குத் தேவைப்படவில்லை, எனவே அனுபவமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறுவை சிகிச்சைக்கு, அதாவது ஹையாய்டு என்ற, நாக்குக்குக் கீழே கழுத்தில் இருக்கும் சின்ன எலும்பின் நடுப்பகுதியையும் சேர்த்து எடுக்கும் சிஸ்ட்ரங்க் முறைக்கு, எங்கள் சர்ஜன் வேறு படம் கேட்கவில்லை.

இதெல்லாம் குழந்தைக்கு, நடுக்கழுத்துக் கட்டிக்கு. இடது பக்கம் தைராய்டு அருகே திரும்பத் திரும்பச் சீழ் கட்டினால் பைரிஃபார்ம் சைனஸ் பாதையாக, அதாவது தொண்டையின் அடியில் உள்ள குழியிலிருந்து பிறவியிலேயே வரும் பாதையாக இருக்கலாம். அதைப் பார்க்க, வீக்கம் வடிந்தபின் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் திரவத்தைக் குடிக்க வைத்துப் படம் எடுப்பார்கள். அப்புறம், நாற்பது தாண்டியவருக்குப் பக்கவாட்டில் புதிதாக நீர்க்கட்டி வந்தால் பிறவிக் கட்டி என்று விட்டுவிடக் கூடாது, டான்சில் புற்றுநோய் பரவியும் அப்படி வரும். அங்கே ஊசி போட்டு எடுக்கும் பரிசோதனையும் சிடியோ எம்ஆர்ஐயோ வேண்டும், வெறும் அல்ட்ராசவுண்ட் போதும் என்று நானே சொல்ல மாட்டேன்.