வரைவு உள்ளூர்த் திட்டக் காட்சி: வரைபடம் நன்று, கவுண்டர் பாதி

செம்பனை சூழ்ந்த நம் தோட்ட நகரத்தில், நகராண்மைக் கழகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வரைவு உள்ளூர்த் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பழைய திட்டத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வரப்போகும் புதிய திட்டம் இது. "ஆர்.டி. பெங்கந்தியான்" என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். பார்க்கக் கட்டணம் இல்லை. பார்த்து ஆட்சேபம் எழுதக் குறைந்தது நான்கு வாரம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே கொடுத்திருப்பதும் சரியாக நான்கு வாரம்தான். வெள்ளிக்கிழமை மதியம் 12.15 முதல் 2.45 வரை கவுண்டர் மூடியிருக்கும். தோட்டத்தில் காலை வேலை முடித்து வருபவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காட்சிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மாநிலக் கட்டமைப்புத் திட்டம் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு எட்டிப் பார்த்து எழுதப்படுவது. "இந்த வட்டாரத்தில் வீடமைப்பு பெருகும், அந்த வட்டாரம் விவசாயமாகவே இருக்கும்" என்று கொள்கையாகப் பேசும். அதில் லாட் எண் இருக்காது. லாட் லாட்டாக மண்டலம் போடுவது, அதாவது எந்த நிலம் எதற்கு என்று குறிப்பது, உள்ளூர்த் திட்டம். மேலே உள்ள திட்டம் புதிதாகி, கீழே உள்ளது பழையதாகவே கிடந்தால் சிக்கல் வருகிறது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, உள்ளூர்த் திட்டத்துக்கு முரணான கட்டுமானத்துக்கு அனுமதி தரக் கூடாது என்று 22ஆம் பிரிவில் ஊராட்சித் துறையை, இங்கே நகராண்மைக் கழகத்தை, தடுக்கிறது. கொள்கை "வீடமைப்பு" என்று சொல்லும், லாட் இன்னும் "விவசாயம்" என்று நிற்கும், விண்ணப்பம் திரும்பி வரும். இரண்டையும் பொருத்துவதற்காகத்தான் இந்தப் புதுப்பிப்பு.

தாமதம் என்ன செய்யும் என்பதற்குக் கோலாலம்பூரே சாட்சி. அங்கே சட்டம் வேறு, சட்டம் 267. கட்டமைப்புத் திட்டம் 2004இல் வந்தது. அதற்குரிய உள்ளூர்த் திட்டம் 2018 அக்டோபர் 30ஆம் தேதிதான் அரசிதழில் ஏறியது. இடைப்பட்ட காலத்தில், 2017இல், தாமான் ரிம்பா கியாராவில் அடுக்குமாடி கட்ட அனுமதி கொடுக்கப்பட்டது. கட்டமைப்புத் திட்டத்தில் அது பொதுத் திறந்தவெளி. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2023 ஏப்ரல் 18ஆம் தேதி நீதிபதி நளினி பத்மநாதன் தலைமையிலான அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. கட்டமைப்புத் திட்டம் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம் என்றும் தீர்ப்பளித்தது. அந்த அடுக்குமாடித் திட்டத்துக்குள்தான், தோட்டம் கையகப்பட்ட பிறகு நீண்ட வீடுகளில் பல பத்தாண்டுகள் காத்திருந்த புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான நிரந்தர வீடுகளும் சேர்க்கப்பட்டிருந்தன. வீடு கேட்டவர்களும் திடல் கேட்டவர்களும் எதிரெதிரே நிற்க வேண்டி வந்தது. அவர்கள் வீடுகளுக்கென்று ஓர் இடம் காலத்தோடு மண்டல வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தால் அந்த நிலை வந்திருக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

இனி காட்சிக்கு வருவோம்.

சுவரில் உள்ள பலகைகள் அழகாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் நிற்க வேண்டாம். அவை நகரத்தின் கனவுப் படங்கள். உங்களுக்கு வேண்டியது மேசை மேல் இருக்கும் தடித்த தொகுதிகள். ஒன்று எழுத்து விளக்கம், மற்றொன்று மண்டல வரைபடங்களும் அட்டவணைகளும். நகரம் திட்டமிடல் புளோக்குகளாகவும், ஒவ்வொரு புளோக்கும் சிறு புளோக்குகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. கவுண்டரில் பி.பி., பி.பி.கே. என்பார்கள். முதலில் உங்கள் முக்கிமையும் (நில வட்டாரம்) சிறு புளோக்கு எண்ணையும் கண்டுபிடியுங்கள், பிறகு லாட், பிறகு அந்தப் புளோக்கின் அட்டவணை. ஏக்கருக்கு எத்தனை வீடு, எவ்வளவு உயரம், எந்த வகைப் பயன்பாடு நேராக அனுமதி, எது நிபந்தனையோடு அனுமதி, எது கூடாது என்பதெல்லாம் அட்டவணையில்தான் இருக்கிறது. வீட்டின் முன்புறத்தில் சாப்பாட்டுக் கடையோ மோட்டார் பட்டறையோ நடத்துபவர்கள் வண்ணத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது. "வீடமைப்பு" வண்ணத்துக்குள் உங்கள் தொழில் எந்தப் பத்தியில் விழுகிறது என்று பாருங்கள். அனுமதியின்றிப் பயன்பாட்டை மாற்றினால் சட்டம் 172இன் 26ஆம் பிரிவில் அபராதம் 500,000 ரிங்கிட் வரை போகலாம்.

வரைபடங்களின் தரத்தில் குறையில்லை. லாட் எல்லைகள் தெளிவு, சாலைக்கு ஒதுக்கிய கோடுகள் தெளிவு. பழைய மண்டலத்தையும் புதிய மண்டலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் பட்டியல் மட்டும் இல்லை. பழைய திட்டத்தை எடுக்கச் சொல்லி வாங்கி, இரண்டையும் விரித்து வைத்து நீங்களே ஒப்பிட வேண்டும். மாற்றங்களைக் காட்டுவதற்காகவே வைக்கப்பட்ட காட்சியில் எது மாறியது என்று மக்களே தேட வேண்டியிருப்பது பெரிய குறை.

அடுத்த தடுமாற்றம் லாட் எண். கிராண்டு என்பது நில உரிமைப் பத்திரம். தற்காலிகக் கிராண்டில், அதாவது எச்.எஸ்.டி., எச்.எஸ்.எம். வகையில், அளவைக்கு முன் தரும் பி.டி. எண்தான் இருக்கும். அளவை முடிந்து நிரந்தரக் கிராண்டு வந்த பிறகே லாட் எண் கிடைக்கும். வரைபடத்தில் ஒன்றும் கையில் மற்றொன்றும் இருந்தால் "உங்கள் நிலம் இதில் இல்லை" என்ற பதில் வரும். நிலம் இருக்கிறது, எண்தான் வேறு. கிராண்டின் நகல், நில வரி ரசீது, அக்கம்பக்கத்து லாட் எண் ஒன்று, இந்த மூன்றையும் கொண்டு போங்கள். பக்கத்து லாட்டைப் பிடித்தால் உங்களுடையது தானாகக் கிடைக்கும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வழியும் இல்லை. தோட்டம் முழுவதும் ஒரே பெரிய லாட்டாகவோ நாலைந்து பெரிய லாட்டுகளாகவோ இருக்கும். லயம், கோயில், திடல், சுடுகாடு எல்லாம் அதற்குள் அடக்கம். பல தமிழ்ப்பள்ளிகள் நிற்பதும் தோட்டத்தின் நிலத்தில்தான். அந்தப் பெரிய லாட்டுக்கு முழுவதுமாக "வீடமைப்பு" அல்லது "தொழில்துறை" என்று ஒரே வண்ணம் அடித்துவிட்டால், உள்ளே இருப்பவை வரைபடத்தில் இல்லாமல் போகின்றன. கோயிலும் சுடுகாடும் பள்ளியும் "கழகங்கள், சமூக வசதிகள்" என்ற மண்டலத்தில் தனித் துண்டாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த வரைவில் பள்ளிகள் குறிக்கப்பட்டுள்ளன. கோயில்களில் சில இருக்கின்றன, சில விடுபட்டுள்ளன. சுடுகாடுகள் பெரும்பாலும் இல்லை. வீடமைப்புத் திட்டங்களில் 10 விழுக்காடு திறந்தவெளி விட வேண்டும் என்பது வழக்கமான நெறி. ஆனால் அது எங்கே விழும் என்பதை மேம்பாட்டாளரின் மனைப் பிரிப்பு தீர்மானிக்கும். இப்போது பிள்ளைகள் பந்து விளையாடும் திடலே அந்த 10 விழுக்காட்டில் சேர வேண்டும் என்றால், அதை இப்போதே எழுத்தில் கேட்டாக வேண்டும்.

கவுண்டருக்குப் பாதி மதிப்பெண் கொடுப்பதற்குக் காரணம் வேறு. அலுவலர்கள் பொறுமையானவர்கள், வரைபடத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். ஆனால் மண்டலம் வேறு, கிராண்டு வேறு என்பதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. விளக்கத் தாளிலும் அது இல்லை. மண்டலம் ஊராட்சித் துறையின் திட்டம். கிராண்டில் உள்ள நில வகை, அதாவது விவசாயம், கட்டடம், தொழில் என்பது, தேசிய நிலச் சட்டத்தின்படி மாநில அரசின் கையில். உங்கள் இரண்டு ஏக்கர் புதிய வரைபடத்தில் "வீடமைப்பு" ஆனாலும் கிராண்டில் "விவசாயம்" அப்படியே இருக்கும். நில அலுவலகத்தில் நில வகை மாற்றத்துக்கு விண்ணப்பித்து, அதற்கான கட்டணமான பிரிமியம் கட்ட வேண்டும், திட்டமிடல் அனுமதியும் வாங்க வேண்டும். உள்ளூர்த் திட்டம் மாறியதால் நிலத்தின் மதிப்பு உயர்ந்திருந்தால் சட்டம் 172இன் 32ஆம் பிரிவின் கீழ் மேம்பாட்டுக் கட்டணமும் வரலாம். இது தெரியாமல் "மண்டலம் மாறிவிட்டது, வீட்டு மனை" என்று சொல்லி விற்பவரிடம் முன்பணம் கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள்.

கோயில்களுக்கும் இதே கதைதான். வரைபடத்தில் குறிக்கப்பட்டுவிட்டால் நிலம் கோயிலுக்குச் சொந்தமாகிவிடாது. தோட்டத்து லாட்டிலிருந்து துண்டு பிரித்துப் பெயர் மாற்றித் தர வேண்டும். அல்லது அந்தத் துண்டு அரசின் கைக்கு வந்து, நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவில் ஒதுக்கீடாக அரசிதழில் ஏற வேண்டும். மண்டலக் குறிப்பு அதற்கு முதல் படி. அது இல்லாமல் அடுத்த படிக்குப் பேச்சே எடுபடாது. மொத்தம் 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றப் பொதுவாகத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை. விற்பனைப் பேச்சு காதில் விழுந்ததும் கேட்க வேண்டிய கேள்விகளில் அதுவும் ஒன்று.

உங்கள் சொந்த லாட்டில் திடல் அல்லது சாலை என்று குறித்துவிட்டார்களா? பதற வேண்டாம், ஆட்சேபம் எழுதுங்கள். பிற்பாடு அந்தக் காரணத்தாலேயே அனுமதி மறுக்கப்பட்டு, நிலம் வேறு எதற்கும் பயன்படாமல் போனால், அதை வாங்கிக்கொள்ளும்படி ஊராட்சித் துறைக்கு அறிவிப்பு கொடுக்க 37ஆம் பிரிவில் வழி இருக்கிறது.

ஆட்சேபப் படிவம் ஒரே பக்கம், நன்றாகவே வடிவமைத்திருக்கிறார்கள். மலாயில் மட்டுமே இருக்கிறது. தோற்றுப்போகும் படிவங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "எங்கள் கோயிலைக் காப்பாற்றுங்கள்" என்ற ஒரு வரி, கீழே இருநூறு கையெழுத்து. லாட் எண் இல்லாவிட்டால் விசாரணைக் குழு எடைபோட அதில் எதுவும் இல்லை. ஒரு படிவத்துக்கு ஓர் இடம், ஒரு கோரிக்கை என்று எழுதுங்கள். சிறு புளோக்கு எண், லாட், வரைபடத்தின் பக்க எண், வரைவில் உள்ள மண்டலம், நீங்கள் கேட்கும் மண்டலம், பரப்பளவு, எல்லாம் வேண்டும். காரணம் எழுதும்போது உணர்ச்சியைக் குறைத்து, மாநிலக் கட்டமைப்புத் திட்டத்தில் சமூக வசதிகள் பற்றிய கொள்கை எண்ணைத் தேடி எடுத்துக் காட்டுங்கள். மேலே உள்ள திட்டத்தோடு கீழே உள்ளது ஒத்துப்போகவில்லை என்பதுதான் இந்த மேசையில் மிக வலுவான வாதம். பெரிய லாட்டுக்குள் இருக்கும் கோயிலாக இருந்தால் கைபேசியில் நான்கு மூலைகளின் ஆயத்தொலைவுகளை எடுத்து, கைப்பட வரைந்த படத்தில் குறித்து, இரண்டு மூன்று புகைப்படங்களோடு இணையுங்கள்.

பலருக்குத் தோன்றாத ஒன்று: வரைவில் உங்களுக்குச் சாதகமாக இருப்பதற்கும் எழுத வேண்டும். கோயில் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று நீங்கள் நிம்மதியாக வீட்டில் இருப்பீர்கள். நில உரிமையாளர் அதை எடுக்கச் சொல்லி ஆட்சேபம் போடுவார். விசாரணையில் அவர் தரப்பு மட்டுமே பேசும். "இந்தக் குறிப்பை ஆதரிக்கிறோம், நீக்கக் கூடாது" என்று அதே படிவத்தில் எழுதி, விசாரணைக்கு வர விரும்புவதாகக் குறியிட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வாங்கி வையுங்கள்.

வீட்டிலிருந்து பார்க்க, கூட்டரசின் திட்டமிடல் துறையான பிளான்மலேசியாவின் ஐ-பிளான் இணையத்தளம் இருக்கிறது, இலவசம். அதில் தற்போதைய நிலப் பயன்பாடு, அனுமதி பெற்ற மேம்பாடு, மண்டலம் என்று மூன்று அடுக்குகள் உண்டு. முதல் அடுக்கைப் பார்த்துவிட்டு மண்டலம் என்று நினைத்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. போவதற்கு முன் பழைய மண்டலத்தைத் தெரிந்துகொள்ள அது மிகவும் உதவும். வரைவு அரசிதழில் ஏறும் வரை அந்தப் பழைய மண்டலமே செல்லும்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறோம். பழைய மண்டலம், புதிய மண்டலம் ஒப்பீட்டுப் பட்டியல், தமிழில் ஒரு பக்க விளக்கத் தாள், வாரத்தில் ஒரு நாள் தோட்டத்து மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ கவுண்டர் என இந்த மூன்றும் வந்தால் நாலரை கொடுக்கலாம். காட்சியை அலுவலகத்துக்கு வெளியே வேறு இடங்களிலும் வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கேட்டால் செய்ய முடியாத காரியம் எதுவும் இதில் இல்லை.

படிவங்கள் போன பிறகு மூவர் குழு விசாரிக்கும், மாநிலத் திட்டமிடல் குழு முடிவெடுக்கும், பிறகு அரசிதழ். விசாரணைக்கான அழைப்பு படிவத்தில் எழுதிய முகவரிக்குத்தான் வரும். லயத்து முகவரியை எழுதினால் தபால் தோட்ட அலுவலகத்துக்குப் போகும், அதாவது நீங்கள் யாருடைய திட்டத்துக்கு எதிராக எழுதினீர்களோ அவர்களின் மேசைக்கே. தாமானில் இருக்கும் உறவினரின் முகவரியையும் இரண்டு கைபேசி எண்களையும் எழுதுங்கள்.