ஊட்டி வழியில் விற்கும் 'டீ ட்ரீ ஆயில்': வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஊட்டி போகிற வழியில் வர்க்கி, நீலகிரித் தைலம், ஹோம்மேட் சாக்லேட் விற்கும் கடைகளில் இப்போது 'டீ ட்ரீ ஆயில்' என்று ஒரு பச்சை லேபிள் பாட்டிலையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கோடை விடுமுறையில் போனபோது அப்படி ஒரு கடையில் வாங்கி, நானும் என் பெண்ணும் பட்ட பாட்டைச் சொல்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயர் வேண்டாம்.

பெண்ணுக்குப் பொடுகுத் தொல்லை. டீ ட்ரீ ஆயில் பொடுகுக்குக் கேட்கும் என்பது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. இந்த எண்ணெய் 5 சதவீதம் கலந்த ஷாம்பூவை 4 வாரம் போட்டவர்களுக்குப் பொடுகு 41 சதவீதம் குறைந்தது, எண்ணெய் கலக்காத ஷாம்பூவில் 11 சதவீதம்தான் குறைந்தது என்று 2002-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொல்கிறது. அதனால்தான் பாட்டிலைப் பார்த்ததும் விசாரித்தேன்.

"நம்ம எஸ்டேட் தேயிலைக் கொழுந்துல இருந்து எடுக்கறதுங்க அக்கா, கலப்படமே கிடையாது" என்றார் கடைக்காரர். லேபிளிலும் இரண்டு இலை, ஒரு மொட்டு படம். 30 மில்லி 450 ரூபாய் என்று ஆரம்பித்து, நான் நகரவும் 180-க்கு இறங்கினார். பில் கேட்டால் "மிஷின் ரிப்பேருங்க". அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார்: "சளி, இருமல்னா வெந்நீர்ல நாலு சொட்டு விட்டுக் குடிக்கக் கொடுங்க. சின்னக் குழந்தைக்கும் கொடுக்கலாம்." நல்லவேளை, வீட்டில் யாருக்கும் அப்போது இருமல் இல்லை.

தேங்காய் எண்ணெயில் சில சொட்டுகள் கலந்து பெண்ணுக்குத் தேய்த்துவிட்டேன். இரவே அரிப்பு. காலையில் காதுக்குப் பின்னாலும் நெற்றி ஓரத்திலும் தோல் தடித்துச் சிவந்து, தொட்டாலே எரிகிறது என்றாள். லேபிளில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தால், "ஹீட் எடுக்குதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம் மேடம்" என்று பதில் வந்தது. இந்தத் தைரியத்துக்கே தனியாக ஒரு புகார் கொடுக்கலாம்.

தோல் மருத்துவர் ஒவ்வாமை என்று சொல்லி மருந்து எழுதினார். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தயாரித்தவர் முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை, தாவரப் பெயர் இல்லை. சாதாரண பிளாஸ்டிக் பாட்டில். மூடிக்குள் இருந்த வளையம் இளகிப் பிசுபிசுத்துக் கிடந்தது. வீட்டில் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். அசல் எண்ணெய் கறை தங்காமல் ஆவியாகிப் போக வேண்டும். இதுவோ மறுநாளும் பஜ்ஜி மடித்த தாள் மாதிரி இருந்தது. ஏதோ சமையல் எண்ணெயும் கலந்திருக்கிறார்கள். இந்தச் சோதனையில் தேறிவிட்டால் சுத்தம் என்றும் நம்பிவிட வேண்டாம். டெர்பீன் என்ற, செடி எண்ணெய்களில் இருக்கும் மணப் பொருட்களில் மலிவானவற்றைக் கலந்தால் அவையும் ஆவியாகிவிடும். எண்ணெயில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபி என்ற ஆய்வகச் சோதனை செய்தால்தான் பிடிபடும்.

தேயிலைச் செடிக்கும் இந்த எண்ணெய்க்கும் சம்பந்தமே கிடையாது. இது மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்ற மரத்தின் எண்ணெய். யூகலிப்டஸ், கொய்யா, நாவல் எல்லாம் சேர்ந்த குடும்பம் அது. சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் வடபகுதி. அங்குள்ள பண்ட்ஜலங் பழங்குடியினர் இலையைக் கசக்கிச் சளிக்கு முகர்வார்கள், புண்ணுக்குப் பற்றுப் போடுவார்கள். 1920-களில் சிட்னி வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்ட் இதன் கிருமிநாசினித் தன்மையைச் சோதித்து எழுதிய பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. இலையை நீராவியில் வடித்தால் 100 கிலோவுக்குச் சுமார் 1 முதல் 2 லிட்டர்தான் கிடைக்கும். இந்த எண்ணெய்க்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4730-படி, கிருமியைக் கொல்லும் முக்கியப் பொருளான டெர்பினென்-4-ஆல் அதில் 35 முதல் 48 சதவீதம் இருக்க வேண்டும்.

வாங்குவதாக இருந்தால் அடர் நிறக் கண்ணாடி பாட்டில், தாவரப் பெயர், பேட்ச் எண், தேதி, முகவரி எல்லாம் பாருங்கள். அந்த பேட்ச்சின் ஆய்வக அறிக்கை கேட்டால் தரமான விற்பனையாளர் தருவார். அசலே ஆனாலும் காற்றுப் பட்டுப் பழசானால் ஒவ்வாமை வரும் என்றார் மருத்துவர். எதுவானாலும் நீர்க்கச் செய்து, முதலில் முழங்கை மடிப்பில் தடவிப் பார்க்கச் சொன்னார். பாத்ரூம் பூஞ்சைக்கும் தரை துடைக்கும் தண்ணீருக்கும் சில சொட்டு விடுவது பலர் வீட்டில் வழக்கம்தான். பூனை, நாய் இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம், அவற்றுக்கு இது விஷம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். பில் இல்லாவிட்டாலும் யுபிஐயில் பணம் கட்டிய விவரமும் பாட்டில் போட்டோவும் இருந்தன. இன்னும் பதில் வரவில்லை.

இந்த மாதிரி பாட்டில் உங்கள் வீட்டில் இருந்தால் யாருக்கும் குடிக்கக் கொடுக்காதீர்கள். அசல் டீ ட்ரீ ஆயிலையே 10 மில்லிக்கும் குறைவாகக் குடித்த குழந்தைகள் நடை தள்ளாடி, மயங்கிச் சோர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குழந்தை ஏற்கெனவே குடித்துவிட்டதென்றால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.