ஹெட்லைட் மங்குகிறது என்று போனேன், 18,400 ரூபாயை இழந்து வந்தேன்

நேற்று இரவுதான் நடந்தது முழுவதும் எனக்கு விளங்கியது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு வாரங்களுக்கு முன் திருச்சியிலிருந்து மதுரைக்கு அம்மாவுடன் காரில் வந்துகொண்டிருந்தேன். துவரங்குறிச்சியைத் தாண்டியபோது நல்ல மழை. வைப்பரும் ஏசி புளோயரும் ஓடிக்கொண்டிருக்க, ஹெட்லைட் மெல்ல மஞ்சளாகி, எதிரில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத நிலைக்கு வந்துவிட்டது. ஏதோ ஒரு லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு மேலூர் வரை ஊர்ந்து வந்தோம்.

மறுநாள் காலை வண்டியை விட்ட இடம் எல்லா நிறுவனக் கார்களையும் பார்க்கும் ஒரு பணிமனை. கண்ணாடி அறை, சோபா, கேட்காமலேயே தேநீர். அங்கிருந்தவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, "அம்மா வண்டியில் இருந்தார்களா? இனி இந்த வண்டியை இரவில் எடுக்காதீர்கள் சார்" என்று அக்கறையோடு சொன்னார். நான் விழுந்தது அந்த அக்கறையில்தான். பிறகு மீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்து, 12.4 என்று என் கண்ணெதிரே காட்டினார். "14 வர வேண்டும் சார், ஆல்டர்னேட்டர் போய்விட்டது, அதனால் பேட்டரியும் கெட்டுவிட்டது" என்றார். ஆல்டர்னேட்டர் என்பது இஞ்சின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி. மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் இஞ்சின் அணைந்திருந்தது! அணைந்த வண்டியில் நல்ல பேட்டரி 12.4 முதல் 12.6 வோல்ட்தான் காட்டும்; இஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போதுதான் 14ஐ ஒட்டி வரும். இந்தச் சின்ன விஷயம் தெரியாத காரணத்தால் தலையாட்டினேன்.

ஆல்டர்னேட்டர் 11,500, பேட்டரி 5,400, கூலி 1,500. மொத்தம் 18,400 ரூபாய். பதினான்கு மாதமே ஆன, வாரண்டி முடியாத என் பழைய பேட்டரியை "எக்ஸ்சேஞ்சில் கழித்துவிட்டோம்" என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு முத்திரையில்லாத ஒரு எஸ்டிமேட் சீட்டுதான் கிடைத்தது.

நான்காம் நாள் இரவு அதே மங்கல். தொலைபேசியில் அழைத்தால் முதலில் "பல்பு பழசாக இருக்கும் சார், மாற்றிப் பாருங்கள்" என்றார்கள். இரண்டு பல்புகளையும் மாற்றினேன். பயனில்லை. அடுத்து, "வண்டியே பழசு, வயரிங் முழுக்க மாற்ற வேண்டியிருக்கும்" என்றார்கள். மூன்றாவது முறை நேரில் போனபோது, அன்று தேநீர் கொடுத்த அதே மனிதர், மெக்கானிக் விடுப்பில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வேறொரு வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அழைப்பை எடுப்பதே இல்லை.

நேற்று நத்தத்துக்கு ஒரு வேலையாகப் போன இடத்தில், சாலையோரம் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் இஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் புளோயரையும் போடச் சொல்லிவிட்டு அளந்தார். பேட்டரியில் 14.1, சார்ஜில் குறையே இல்லை. அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையைக் காரின் பாடியிலும் வைத்தார். 1.8 வோல்ட். அங்கே 0.2ஐத் தாண்டவே கூடாதாம். விளக்குக்குப் போக வேண்டிய மின்னழுத்தம் வழியிலேயே கரைகிறது என்பது அதன் பொருள். ஹாலஜன் பல்புக்குப் பத்து சதவீத மின்னழுத்தம் குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விடும் என்பதால், அன்று ஏன் சாலையே தெரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பேட்டரித் தட்டுக்கு அடியில் பாடியோடு சேரும் எர்த் வயரின் லக், அதாவது போல்ட்டில் மாட்டும் அதன் உலோக முனை, அமிலம் பட்டுப் பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. வெட்டி எறிந்து, புது லக் போட்டு, பாடியில் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். மீண்டும் அளந்தபோது 0.06. கூலி 250 ரூபாய்.

வயிறு எரிந்தது அதற்குப் பிறகுதான். ஆல்டர்னேட்டரின் மேல் டார்ச்சை அடித்துப் பார்த்தவர், "தம்பி, இதைக் கழற்றவே இல்லையே" என்றார். போல்ட் தலைகளில் பழைய மண்ணும் எண்ணெயும் உறைந்து கிடந்தன, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. மேற்பகுதியை மட்டும் கழுவிப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். கழுவியதற்கு 11,500!

மங்கலுக்கான காரணங்களை எல்லாம் வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமையில்லை. இவற்றை மட்டும் நினைவில் வையுங்கள். மீட்டர் காட்டினால் இஞ்சின் ஓடுகிறதா என்று கேளுங்கள். வண்டி நின்றபடி இஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலில் ஹெட்லைட் மங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் பளிச்சென்று எரிந்தால் ஆல்டர்னேட்டரையோ அதைச் சுழற்றும் பெல்ட்டையோ சந்தேகிக்கலாம். மற்றபடி முதலில் டெர்மினலையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் இன்று புகார் சொல்லியிருக்கிறேன். கையில் இருப்பதோ அந்த முத்திரையில்லாத சீட்டு.

என் 18,400 ரூபாயைக் கேட்டு, பழைய பேட்டரியையாவது திருப்பித் தாருங்கள் என்று காலையில் அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படித்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்திருக்கிறது. பதில் இல்லை.