ஒரு பிளேடு, நாலு ஊர்: ஏற்காட்டுப் பங்களாவில் இருக்கும் புரொப்பெல்லர் எங்கே பிறந்தது?

ஏற்காட்டில் நண்பரின் குடும்பத்துக்கு ஒரு பழைய காபித் தோட்ட பங்களா இருக்கிறது. அதன் கூடத்துச் சுவரில், விமானத்தின் மூக்கில் சுழலும் மரப் புரொப்பெல்லர் ஒன்று தொங்குகிறது. நடுக்கட்டை முழுசாக இருக்கிறது. வலப்பக்க பிளேடு நுனிவரை அப்படியே. இடப்பக்க பிளேடு ஒரு சாண் நீளத்தில் முறிந்து, மொட்டையாக நிற்கிறது.

"யுத்தத்தப்ப நம்ம மலையில மோதி விழுந்த ஏரோப்பிளேனோடதுங்க தம்பி. ஓட்டுனவரும் அங்கயே போயிட்டாராம்" என்றார் நண்பரின் அப்பா. அதில் 'கருடா' என்று எழுதியிருந்ததாக அவருடைய அப்பா சொல்வாராம். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முகம் தெரியாத அந்த விமானிக்காக ஒரு நிமிடம் நிற்பது அந்த வீட்டு வழக்கம். அதனால் இது எந்த ஊர்ச் சரக்கு என்று அலசும்போது கொஞ்சம் பயபக்தியோடுதான் கை வைத்தேன்.

முதலில், இது விமானத்துடையதுதானா? அலங்காரத்துக்கென்று செய்த புரொப்பெல்லர்கள் இப்போது ஏராளம். 1930-களில் அமெரிக்கப் பண்ணைகளில் ரேடியோ பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றிய 'வின்சார்ஜர்' காற்றாலைகளிலும் ஏறக்குறைய ஆறடி நீள மர விசிறி இருந்தது. ஆனால் அவற்றில் நடுக்கட்டை மெலிசாக இருக்கும். இங்கே கட்டை தடியாக இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட கோடுகள் தெரிகின்றன, பிளேடு முறுக்கிக்கொண்டு போகப்போக அந்தக் கோடுகள் மலை வரைபடத்துச் சமஉயரக் கோடுகள்போல வளைந்து ஓடுகின்றன. இது அலங்காரப் பொருளிலும் வரலாம். எனக்குச் சந்தேகத்தைத் தீர்த்தவை வேறு இரண்டு. ஒன்று, நடுக்கட்டையின் முகத்தில் இரும்புத் தட்டு இறுக்கி அமுக்கியதால் மரம் நசுங்கி விழுந்த வட்டத் தழும்பு. இன்னொன்று, பித்தளைத் தகடு போர்த்திய நுனியில் ஊசி குத்தியதுபோல மூன்று துளியூண்டு ஓட்டைகள். தகட்டுக்குள் புகும் ஈரம் சுழற்சியில் நுனிக்கு ஓடி வெளியேற வைக்கும் ஓட்டைகள் அவை. சுவரில் மாட்டுவதற்காகச் செய்பவர் இதற்கெல்லாம் மெனக்கெட மாட்டார்.

சரி, அப்புறம் நாலு போட்டியாளர்கள்.

'கருடா' என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பெர்லின். முதல் உலகப்போரில் ஜெர்மன் விமானங்களுக்கு ஆக்சியல், வோல்ஃப், ஹைனே எனப் பல நிறுவனங்கள் புரொப்பெல்லர் செய்தன. அவற்றில் ஒன்றின் பெயரே கருடா. நம் புராணப் பறவையின் பெயரை அங்கே வைத்திருக்கிறார்கள் என்பது எத்தனை அழகான செய்தி! அது உண்மையாக இருக்கவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அளவு ஒத்துவரவில்லை. அந்தக் காலத்து 160 குதிரைசக்தி மெர்சிடிஸ் இன்ஜின்களுக்கான ஜெர்மன் புரொப்பெல்லர்கள் இரண்டே முக்கால் மீட்டரை ஒட்டியவை. ஒரு பக்கம் முறிந்திருந்தாலும் முழு நீளம் கணக்கிடுவது சுலபம்: நடு ஓட்டையின் மையத்திலிருந்து முழு பிளேடின் நுனிவரை அளந்து இரட்டிக்க வேண்டும். இங்கே 38 அங்குலம். ஆக மொத்தம் 76 அங்குலம், இரண்டு மீட்டருக்கும் கீழே. தவிர, ஜெர்மன்காரர்கள் நடுக்கட்டையில் குதிரைசக்தியையும் இன்ஜின் பெயரையும், விட்டம், முன்னேற்றம் (ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னே போகும் என்ற அளவு) இரண்டையும் சென்டிமீட்டரில் பொறிப்பது வழக்கம். அப்படி எதுவும் இல்லை. பெர்லினை விட்டுவிட்டேன், மனசில்லாமல்தான்.

இரண்டாவது கருடா நமக்குப் பக்கத்து ஊர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுதுபார்க்கக் கோயம்புத்தூரில் நடத்திய பணிமனையின் பெயர் 'எச்.எம்.எஸ். கருடா'. கடலே இல்லாத ஊரில் ஒரு கடற்படைத் தளம்! அங்கே வந்த போர் விமானங்களுடைய பிளேடா இது? அந்தத் தலைமுறைப் பிரிட்டிஷ் போர் விமானங்களில் மர பிளேடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஸ்பிட்ஃபயர், சீஃபயர் போன்றவற்றில் ரோட்டால் நிறுவனத்தின் மர பிளேடுகள் ஓடின. ஆனால் அவை தனித்தனி பிளேடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் உலோகக் குப்பி போன்ற ஒரு பூண் இருக்கும், அது கோணத்தை மாற்றிக்கொள்ளும் உலோக ஹப்புக்குள் (நடுக்குடம்) போய் உட்காரும். இரண்டு பிளேடும் நடுக்கட்டையும் ஒரே மரமாக இருக்கும் இந்தப் பொருளுக்கு அங்கே இடமில்லை. உங்கள் வீட்டில் அடியில் பூண் போட்ட ஒற்றை மர பிளேடு கிடந்தால், இந்தப் பத்தியைத் திரும்பப் படியுங்கள்.

மிச்சம் இருவர், இரண்டும் சின்ன விமானங்கள்: அமெரிக்கப் பைப்பர் கப் வகையறா, பிரிட்டிஷ் டைகர் மாத் வகையறா. உண்மையான போட்டி இவர்களுக்குள்தான். கப்பில் 65 குதிரைசக்தி கான்டினென்டல் இன்ஜின், அதற்குப் பொதுவாகச் சென்செனிச் நிறுவனத்தின் 72 அங்குல மர புரொப்பெல்லர். டைகர் மாத்தில் 130 குதிரைசக்தி ஜிப்ஸி மேஜர். 1931-ல் முதன்முதலாகப் பறந்த டைகர் மாத், போர்க்காலத்தில் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் விமானிகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தது. விடுதலைக்குப் பிறகும் நம் பறக்கும் கழகங்களில் வெகுநாள் ஓடியது. ஆறடிக்கும் ஆறடி நாலு அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே இன்ஜினுக்கே பல அளவுகளில் புரொப்பெல்லர் செய்வார்கள்.

மரத்தை வைத்துச் சொல்லலாம் என்று சேலத்திலிருந்து ஓர் ஆசாரியைக் கூட்டிப்போனேன். முறிந்த முனையின் நாரைப் பார்த்து, நகத்தால் கீறி, "ஈட்டி இல்லைங்க, தேக்கும் இல்லை. மகாகனி" என்றார். சென்செனிச்சுக்குப் பிடித்தது பிர்ச் மரம், வெளிறிய நிறம். மகாகனி பிரிட்டிஷ் பக்கம் சாய்கிறது. ஆனால் சாய்வு மட்டுமே, சாட்சி இல்லை. நிறம் நன்றாகத் தெரிய உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று அவர் கேட்டார். பதறித் தடுத்தேன். அந்த வார்னிஷுக்கு அடியில்தான் எழுத்துகள் இருக்கின்றன. பழைய புரொப்பெல்லர்களின் பிறப்புச் சான்றிதழ் உப்புத்தாளில்தான் அழிகிறது. தயவுசெய்து யாரும் தேய்க்காதீர்கள்.

சாட்சி சொன்னவை போல்ட் ஓட்டைகளும் சுழலும் திசையும். கான்டினென்டலின் ஹப்புக்கு ஆறு போல்ட். ஜிப்ஸி மேஜருக்கு எட்டு. சந்தனம் காய்ந்து அடைத்திருந்த ஓட்டைகளை விரலால் தடவி எண்ணினேன்: எட்டு.

திசையைக் கண்டுபிடிக்க விமானம் தேவையில்லை. பிளேடின் ஒரு முகம் தட்டையாகவும் மறுமுகம் புடைத்தும் இருக்கும். தட்டை முகம் எப்போதும் வாலைப் பார்க்கும், புடைத்த முகம் பயணத் திசையை. பித்தளை போர்த்திய விளிம்புதான் காற்றை முதலில் வெட்டும் விளிம்பு. பங்களாச் சுவரில் புடைத்த முகம் நம்மைப் பார்த்தபடி மாட்டியிருந்தது. அதாவது விமானத்துக்கு முன்னால் நின்று பார்ப்பதுபோல. வலப்பக்க பிளேடில் பித்தளை கீழ் விளிம்பில் இருந்தது, ஆக அந்த பிளேடு கீழ்நோக்கி வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசை, உள்ளே உட்கார்ந்திருக்கும் விமானிக்கு எதிர்த்திசை. கான்டினென்டல், லைகமிங் போன்ற அமெரிக்க இன்ஜின்கள் விமானியின் பார்வையில் கடிகாரத் திசையில் சுற்றுபவை. ஜிப்ஸி மேஜர் அதற்கு நேரெதிர். டைகர் மாத் ஓடுபாதையில் வலப்பக்கம் இழுக்கும் என்று பழைய விமானிகள் சொல்வதன் காரணமும் இதுதான்.

அதற்குப் பிறகுதான் எழுத்தைத் தேடினேன். லேசாக ஈரம் செய்த பருத்தித் துணியால் சந்தனத்தை ஒற்றி எடுத்து, காயவிட்டு, மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன், சின்ன வயதில் நாணயத்தைப் படியெடுப்போமே, அப்படி. முதலில் 'எல்.எச்.' எழும்பியது, இடப்பக்கச் சுழற்சி என்பதன் சுருக்கம். அதன் பக்கத்தில் ஜிப்ஸி. கீழே வரைபட எண்ணின், அதாவது எந்த வடிவமைப்புப்படி செய்தது என்று சொல்லும் எண்ணின், முதல் இரண்டு இலக்கங்கள். மீதியின் மேல் ஆணி அடித்திருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜிப்ஸி மேஜர் என்றதும் டைகர் மாத் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மைல்ஸ் மாஜிஸ்டரிலும் ஆஸ்டர் 3-லும் அதே இன்ஜின்தான். நம் வானத்தில் அதிகம் பறந்தது எது என்று பார்த்தால் டைகர் மாத்தின் பக்கம் தராசு தாழ்கிறது, அவ்வளவுதான். விமானத்தின் பெயரை உறுதியாகச் சொல்ல முழு வரைபட எண் வேண்டும்.

'கருடா' என்ற எழுத்து எங்கும் இல்லை. போர் முடிந்ததும் டிஸ்போசல் ஏலங்களில் ராணுவச் சாமான்கள் நாடு முழுக்க விலைபோயின. கோயம்புத்தூர்ப் பக்கம் அப்படி வாங்கியபோது பெயர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் இன்ஜினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப அந்த ஓட்டுனவரு?" என்றார். முறிந்த பக்கத்தைக் காட்டினேன். இன்ஜின் முழு வேகத்தில் இருக்கும்போது மோதினால் பெரும்பாலும் இரண்டு பிளேடும் சிதறிவிடும். ஒன்று மட்டும் முறிந்து, இன்னொன்று நுனித் தகடுகூட நசுங்காமல் இருந்தால், அநேகமாகச் சுற்றாமல் நின்றபோது பட்ட அடி. தரையிறங்கும்போது மூக்குக் குத்தியதாகவோ, கொட்டகையில் எதிலாவது இடித்ததாகவோ இருக்கலாம். மலையில் மோதிய விமானத்தின் முறிவு இப்படி இருக்காது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, அந்த ஆணியை மெதுவாகப் பிடுங்கச் சொன்னார். "சந்தனத்த இனிமே இந்தப் பக்கம் வெச்சுக்கலாமுங்க" என்று, எழுத்தில்லாத முறிந்த முனையைத் தடவிக்காட்டினார்.