புது ஸ்போர்ட்ஸ் காருக்கு ஃபிலிமா, செராமிக்கா? என் ஓட்டு முழு ஃபிலிமுக்கு

புது பிஎம்டபிள்யூ எம்2 கைக்கு வருவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது. பெயிண்டை அப்படியே விடுவதா, செராமிக் கோட்டிங் போடுவதா, முன்பக்கம் மட்டும் பிபிஎஃப் (பெயிண்டைக் காக்க ஒட்டும் ஒளி ஊடுருவும் ஃபிலிம்) ஒட்டுவதா, இல்லை முழு வண்டிக்கும் ஒட்டிவிடுவதா? நான் முழு வண்டிக்கும் ஒட்டினேன். சென்னையில் ஓட்டி, சில வருடம் கழித்து விற்கவும் போகிற ஒருவருக்கு அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். மற்ற மூன்றுக்கும் நியாயம் உண்டு, ஆனால் அவை வேறு ஆட்களுக்கு.

பளபளப்பை முதலில் தள்ளி வைத்துவிடலாம். இந்த நான்கில் எதைச் செய்தாலும் முதல் வருடம் வண்டி அழகாகத்தான் இருக்கும். வித்தியாசம் மூன்றாவது, நான்காவது வருடத்தில்தான் கண்ணில் படும்.

சும்மா விட்டுவிட்டு அவ்வப்போது வேக்ஸ் போடுவது, மூடிய கராஜில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் போதும். வெளியே நிற்கிற வண்டிக்குப் போதாது. காக்கை எச்சம் மே மாத வெயிலில் சில மணி நேரத்திலேயே பெயிண்டின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டை அரித்துத் தழும்பு வைத்துவிடும். அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

செராமிக் கோட்டிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விற்பவர்கள் அதைப் பற்றிச் சொல்வதும் அது உண்மையில் செய்வதும் ஒன்றல்ல. சிலிக்கா அடிப்படையிலான ஒரு திரவத்தைத் துடைத்துப் பூசி உலர விடுகிறார்கள். காய்ந்தபின் அதன் தடிமன் ஒன்று இரண்டு மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). காரின் கிளியர் கோட் மட்டுமே சுமார் 40 முதல் 50 மைக்ரான் இருக்கும். நல்ல பிபிஎஃப் 150 முதல் 200 மைக்ரான் வரை வரும். ஜல்லி லாரிக்குப் பின்னால் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது தெறித்து வரும் கல்லுக்கு முன்னால் அந்த இரண்டு மைக்ரான் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சில் கீறல் சோதனையின் அளவு. அதைப் பார்த்துவிட்டுக் கல்லடி தாங்கும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

செராமிக் நன்றாகச் செய்கிற வேலையும் உண்டு. அழுக்கு ஒட்டாது, கழுவுவது சுலபம், நிறம் ஆழமாகத் தெரியும். ஆனால் நம் ஊரில் அதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது: போர் தண்ணீர். கோட்டிங் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்பது பார்க்க அழகுதான். அந்த முத்துகள் வெயிலில் காய்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை உப்பு வட்டத்தை விட்டுப் போகும். நாள்பட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும், பாலிஷ் போட்டால் கோட்டிங்கும் சேர்ந்து போய்விடும். கேன் தண்ணீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ கடைசி அலசு அலசி உடனே துடைக்கிற பொறுமை இருப்பவருக்குச் செராமிக் நல்ல பொருள். அபார்ட்மெண்டில் காலையில் பக்கெட்டும் துணியுமாக வருபவரிடம் வண்டியை விடுபவருக்கு அல்ல.

அடுத்தது முன்பக்கம் மட்டும் ஃபிலிம். பம்பர், பானெட், முன் ஃபெண்டர்கள், கண்ணாடிகளின் முதுகு, ஹெட்லைட் ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டிவிட்டு மீதிக்குச் செராமிக் போடுவது. செலவு முழு ஃபிலிமில் பாதியோ அதற்கும் கீழோதான். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றோடு வரும் கல்தான் முக்கிய எதிரி என்றால் இதுவே புத்திசாலித்தனமான தேர்வு. வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள், அவர்கள் ஊருக்கு அது சரி.

நம் ஊரில் ஆபத்து நான்கு பக்கமும் இருக்கிறது. சிக்னலில் இரண்டு காருக்கு நடுவே நுழையும் பைக்கின் ஹேண்டில் உரசுவது கதவில். செக்யூரிட்டி அண்ணன் நல்ல மனதோடு காய்ந்த துணியால் தூசி தட்டுவது டிக்கியிலும் கூரையிலும். கோயில் வாசலில், கல்யாண மண்டப வாசலில், யாரோ பையைச் சாய்த்து வைப்பது பின் ஃபெண்டரில். இதுபோக எம்2-வின் உடலமைப்பையும் பார்க்க வேண்டும். முன்னால் 275, பின்னால் 285 அகல டயர்கள், அவற்றை மூட வெளியே புடைத்து நிற்கும் பின் ஃபெண்டர்கள். முன் டயர் வாரி எறியும் மணலும் பொடிக்கல்லும் நேராகப் போய் அடிப்பது அந்தப் புடைப்பில்தான். மென்மையான ரப்பர் கொண்ட ஸ்போர்ட்ஸ் டயர் சூடானால் இன்னும் அதிகமாக அள்ளி எறியும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாள் ஓட்டிய வண்டியின் பின் ஃபெண்டரைக் கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். முன்பக்க கிட்டில் அந்த இடம் வராது. முன்பக்கம் மட்டும்தான் ஒட்டப் போகிறீர்கள் என்றால்கூட, கதவுக்குக் கீழ் உள்ள பகுதியையும் பின் ஃபெண்டரின் முன் விளிம்பையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இதெல்லாம் கீறல் கணக்கு. கீறலுக்காக மட்டும் என்றால் ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை செலவழிக்கச் சொல்லமாட்டேன். அந்தப் பணத்தில் பம்பரைப் பல முறை பெயிண்ட் அடித்துவிடலாம். என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: கம்பெனி பெயிண்ட் ஒரு முறை போனால் திரும்ப வராது, நம் பழைய கார் சந்தையில் அந்தப் பெயிண்ட்தான் வண்டியின் சாட்சி.

இந்தக் கார் மெக்சிகோவில் சான் லூயிஸ் பொட்டோசி ஆலையில் தயாராகி முழு வண்டியாக இங்கே வருகிறது. ஆலையில் கார் வெறும் உலோகக் கூடாக இருக்கும்போதே பெயிண்ட் அடித்து, 140 டிகிரி அளவு சூட்டில் சுட வைக்கிறார்கள். வயர், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் பூட்டிய காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. அதனால் எவ்வளவு பெரிய பாடி ஷாப்பானாலும், கம்பெனி சர்வீஸ் சென்டரேயானாலும், 60, 70 டிகிரியில் காயும் வேறு வகைப் பெயிண்டைத்தான் அடிக்க முடியும். திறமையான பெயிண்டர் நிறத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் பொருத்திவிடுவார். ஆனால் தடிமன் மாறும்.

அந்தத் தடிமனை அளக்கத்தான் இப்போது விலை உயர்ந்த பழைய கார் வாங்குபவர்கள் கையில் மீட்டரோடு வருகிறார்கள். பேனல் மேல் வைத்தால் உலோகம் வரை எத்தனை மைக்ரான் என்று காட்டும். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 90-க்கும் 150-க்கும் நடுவே இருக்கும். மறுபடி அடித்த பேனல் 200, 300 காட்டும். பட்டி போட்டிருந்தால் எங்கேயோ போய்விடும். பானெட்டில் அதிகமாகக் காட்டிய உடனே பேச்சு மாறும். "சார், முன்னாடி பெயிண்ட் ஆயிருக்கு, அடி வாங்கின வண்டி" என்பார் புரோக்கர். வெறும் கல் பொட்டுகளை மறைக்கத்தான் அடித்தோம் என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் அதை நிரூபிக்க வழியில்லை. சாதாரண குடும்பக் காரில் ஒரு பேனல் பெயிண்ட் என்றால் சில ஆயிரம் குறையும். வேகமாக ஓட்டவே வாங்கப்படும் காரில், முன்பக்கம் பெயிண்ட் ஆகியிருக்கிறது என்றால் வாங்குபவருக்கு மரத்தில் மோதிய படம்தான் மனதில் ஓடும். பாதிப் பேர் விலை பேசாமலே போய்விடுவார்கள்.

கதவுக்கும் பின் ஃபெண்டருக்கும் இதே கதைதான். பைக் ஹேண்டில் கோடு போட்ட கதவைப் பெயிண்ட் அடித்தால் அது 'பக்கவாட்டில் அடி' என்று ஆகிவிடும். பின் ஃபெண்டர் இன்னும் மோசம். அது கழற்றி மாற்றும் பேனல் அல்ல, உடலோடு வெல்டிங்கில் சேர்ந்தது. அங்கே பெயிண்ட் என்றால் கட்டமைப்பையே சந்தேகப்படுவார்கள். ஆழமான உரசல் ஃபிலிமைக் கிழிக்கும், ஆனால் பெரும்பாலும் அடியில் இருக்கும் பெயிண்ட் தப்பிக்கும். அந்த ஒரு பேனலின் ஃபிலிமை மட்டும் மாற்றினால் போதும். முன்பக்கம் மட்டும் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்ஷூரன்ஸையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயிண்டுக்காக ஒரு கிளெய்ம் போட்டால் அதுவரை சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் ஆரம்பித்து ஐந்தாம் வருடம் 50 சதவீதம் வரை ஏறும் தள்ளுபடி அது. ஒரு கோடியை ஒட்டிய காரின் பிரீமியத்தில் அது சின்னத் தொகை இல்லை. ஃபிலிமின் விலையைத் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்க்காவிட்டால் பாலிசி பொதுவாக அதற்குப் பணம் தராது என்பதையும் மறக்காதீர்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, ஒட்டுவதற்கு முன்பே கவனிக்க வேண்டியது. ஃபிலிம் ஒட்டிய பேனலில் மீட்டர் வைத்தால் அது பெயிண்டையும் ஃபிலிமையும் சேர்த்துத்தான் காட்டும். 120 மைக்ரான் பெயிண்ட் மேல் 200 மைக்ரான் ஃபிலிம் என்றால் 320. எதைத் தவிர்க்க ஃபிலிம் ஒட்டினோமோ அந்தச் சந்தேகத்தையே அது கிளப்பும். அதனால் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு பேனலிலும் மீட்டரை வைத்து, எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிலிம் பில், ரோல் எண், வாரண்டிப் பதிவு எல்லாவற்றையும் அந்தப் படங்களோடு ஒரே கவரில் வையுங்கள். இன்னொரு லாபமும் உண்டு. கப்பலிலோ யார்டிலோ அடிபட்டுத் தொட்டு அடித்த பேனல் ஏதாவது இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், டெலிவரி எடுக்கும் முன்பே கேட்கலாம். மறுபடி அடித்த பெயிண்ட் மேல் ஃபிலிம் ஒட்டினால், உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும் ஆபத்து இருக்கிறது.

முழு ஃபிலிமின் குறைகளையும் சொல்ல வேண்டும். எம்2-வின் முன் பம்பர் கட்டம் கட்டமாக, மடிப்பு மடிப்பாக இருக்கும். அதில் ஒரே துண்டாக இழுத்து ஒட்டினால் ஃபிலிம் மிக மெல்லியதாகிவிடும், துண்டு போட்டால் இணைப்புக் கோடு தெரியும். நல்ல கடைக்காரர் இணைப்பை மடிப்பின் நிழலில் கொண்டுபோய் வைப்பார். விளிம்புகளில் தூசி சேர்ந்து மெல்லிய கறுப்புக் கோடு வரும். வெள்ளைக் காரில் அது நன்றாகத் தெரியும், என் நீல நிறத்தில் தேடினால்தான் தெரிகிறது. எச்சத்தை ஃபிலிம் மேலும் விட்டுவைக்கக் கூடாது, அதன் மேல் பூச்சையும் அது அரிக்கும். மெல்லிய சுருள் கீறல்கள் வெயிலில் தானாக மூடிக்கொள்ளும் என்பது உண்மைதான். சென்னையில் அதற்கு வெந்நீர்கூடத் தேவைப்படுவதில்லை. நகம் மாட்டும் அளவு ஆழமான கீறல் மூடாது.

பொருளில் கவனமாக இருங்கள். டிபியு எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேன்தான் வேண்டும். பாதி விலைக்குக் கிடைக்கும் பிவிசி ஃபிலிமும், டிபிஎச் என்ற பெயரில் வருவதும் நம் வெயிலுக்குச் சீக்கிரம் மஞ்சளாகி இறுகிவிடும். இறுகிய ஃபிலிமை உரிப்பது பெரும் வேதனை. வெளிநாட்டு பிராண்டுதான் வேண்டும் என்பதில்லை. கார்வேர் என்ற இந்திய நிறுவனம் நம் நாட்டிலேயே தயாரிக்கிறது. பிராண்டைவிட முக்கியம் ஒட்டுகிற கை. "கம்ப்யூட்டர் டெம்ப்ளேட்டில் வெட்டுவீர்களா, வண்டி மேலேயே பிளேடு வைப்பீர்களா?" என்று கேளுங்கள். வண்டி மேல் வெட்டுபவரின் கை கொஞ்சம் அழுந்தினால் கிளியர் கோட்டில் கோடு விழும். அது உரிக்கிற அன்றுதான் தெரியும். டெம்ப்ளேட்டிலும் விளிம்பு உள்ளே மடியும்படி மிச்சம் விட்டு வெட்டச் சொல்ல வேண்டும். ஒட்டி முடித்து ஒரு வாரம் கழித்து வண்டியைத் திரும்பக் காட்டுங்கள். தண்ணீர்க் குமிழும் தூக்கிய விளிம்பும் அப்போதுதான் தெரியவரும்.

உரிப்பதைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியாது, என் வண்டியில் ஃபிலிம் இன்னும் நன்றாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றவர்கள் வண்டியில் பார்த்த வரைக்கும், சூடு காட்டி, தாழ்ந்த கோணத்தில், அவசரப்படாமல் இழுத்தால் நல்ல டிபியு முழுசாக வருகிறது. வெயிலிலேயே நின்ற பழைய ஃபிலிம் துண்டு துண்டாகப் பிய்ந்து, பசையை விட்டுப் போகிறது. வாரண்டி அட்டையில் 10 வருடம் என்று இருந்தாலும், வெளியே நிற்கும் வண்டி என்றால் அத்தனை வருடம் விட்டு வைக்கமாட்டேன். ஆறேழு வருடத்தில் எடுத்துவிடுவதாகத் திட்டம். அந்தக் கூலியையும் இப்போதே கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

வண்டியை விற்கவே போவதில்லை, கல் பொட்டுகளும் ஓட்டிய அடையாளம்தான் என்று நினைப்பவருக்கு முழு ஃபிலிம் தேவையில்லை. முன்பக்க கிட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு மூன்று வருடத்தில் கம்பெனிக்கே திருப்பித் தருகிற ஏற்பாட்டில் எடுத்தவருக்கும் அதுவே போதும். கையில் இருப்பது எழுபது எண்பதாயிரம்தான் என்றால், மட்டமான முழு ஃபிலிமைவிட நல்ல டிபியு-வில் பம்பர், பானெட், முன் ஃபெண்டர்கள், பின் ஃபெண்டர் விளிம்பு என்ற வரிசையில் முடிந்தவரை ஒட்டுங்கள். கதவுகளை அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம், ஒளி ஊடுருவும் ஃபிலிமில் துண்டு துண்டாக ஒட்டுவதால் நிறம் மாறித் தெரியாது. பளபளப்பில்லாத மேட் ஃபிலிம் ஆசை இருந்தால் மட்டும் முழு வண்டியையும் ஒரே நேரத்தில் செய்தாக வேண்டும். நிறமே மாறும் ஃபிலிம் என்றால் ஆர்டிஓ-வில் ஆர்சி புத்தகத்திலும் மாற்ற வேண்டியிருக்கும்.