இரண்டு துப்பாக்கிதான் என்றால் எந்த இரண்டு?

கோத்தகிரிக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டியது சித்தப்பாவின் தோட்டம். அவரிடம் உரிமத்துடன் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று, தாத்தா விட்டுப்போன இங்கிலாந்துத் தயாரிப்பான 12 போர் இரட்டைக் குழல் ரவைத் துப்பாக்கி. மற்றவை இஷாப்பூர் .315 ரைஃபிளும் கான்பூர் .32 ரிவால்வரும் (புள்ளி வைத்த எண்கள் குழலின் அகலத்தை அங்குலத்தில் சொல்பவை). 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. பரம்பரையாக வந்ததும் அந்த இரண்டுக்குள்தான் அடங்கவேண்டும். மிகுந்ததை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்தாக வேண்டும்.

ஒரு மாலை மூன்றையும் மேசைமேல் பரப்பிவைத்து, "எதை விடலாம், நீ சொல்" என்றார். அன்று சொன்னதையும் அதன் பிறகு எனக்குத் தெளிவானதையும் சேர்த்து எழுதுகிறேன். மலையில் தனித்த வீட்டில் இருப்பவர்கள் பலருக்கு இதே கேள்வி இருக்கிறது.

ரைஃபிளிலிருந்து தொடங்குகிறேன், அதை விடுவதுதான் மனத்துக்குக் கடினம் என்பதால். பட்டாளம் பயன்படுத்திய .303 தோட்டாவைப் பொதுமக்கள் வைத்திருக்கக்கூடாது என்று வெள்ளையர் காலத்திலேயே தடுத்ததால் பிறந்தது .315. உள்ளே இருப்பது பட்டாளத்தின் பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிளின் இயங்குமுறைதான். தோட்டாவை ஏற்றும் போல்ட்டை இழுத்துத் தள்ளினால் எண்ணெய் இட்ட தாழ்ப்பாள்போல் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். ஆனால் நீலகிரியில் அதற்கு இனி வேலை என்ன? வேட்டையை ஒழுங்குபடுத்த 1877லேயே இங்கே சங்கம் வைத்தார்கள், 1879ல் தனிச் சட்டமே போட்டார்கள். அந்தக் காலமெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துவிட்டது, முடிந்தது நல்லதே. மிச்சம் இருப்பது தற்காப்பு. அதற்கு ரைஃபிள் இந்த நிலத்துக்கு ஆகாது. .315 குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரெடுக்கும் வேகத்தோடு போகும். எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்றால் எதிர்ச் சரிவில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், அதற்குக் கீழே பள்ளிக்கூடம், வளைந்து வளைந்து பஸ் போகும் சாலை. பனிமூட்டத்தில் அவை கண்ணுக்குத் தெரியாது. குண்டுக்குப் பனிமூட்டம் ஒரு பொருட்டில்லை. ஆகவே முதலில் போகவேண்டியது ரைஃபிள் என்றேன்.

சித்தப்பா அதற்கு ஒப்புக்கொண்டார். ரிவால்வரில்தான் தகராறு.

ரிவால்வர் மேல் ஆசைப்படாதவரை நான் பார்த்ததில்லை. ஆறு தோட்டா, இடுப்பில் செருகலாம், இரவில் காரில் வைத்துக்கொண்டு போகலாம். 2014ல் பெண்களை மனத்தில் வைத்து அரை கிலோ எடையில் நிர்பீக் என்ற .32 ரிவால்வர் வந்தபோது ஆசை இன்னும் பரவியது. ஆனால் .32 சிறிய தோட்டா. ஓர் ஆள் எதிரே நின்றால் அது பேசும். சமையலறைக் கதவைப் பெயர்த்துக்கொண்டு நிற்கும் கரடிக்கும், ஆயிரம் கிலோவைத் தொடும் காட்டுமாட்டுக்கும் அது ஆத்திரமூட்டும் கொட்டுதான். அதைவிடப் பெரிய குறை, குட்டைக் குழல். நீளத் துப்பாக்கியைத் தோள், கன்னம், இரு கைகள் என்று நான்கு இடம் தாங்குகின்றன. ரிவால்வரை நடுங்கும் மணிக்கட்டு மட்டும்தான் தாங்குகிறது. மாதாமாதம் பயிற்சி செய்பவருக்கு அது கருவி. ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்று உரிமத்தில் எழுதியிருக்கிறது. அதில் பாதியையாவது பயிற்சிக்குச் செலவிட மனம் இல்லாதவர் ரிவால்வர் வாங்கவேண்டாம்.

சட்டத்தின் மனமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படித்துப்பாருங்கள். இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால் ஓர் எளிய அளவுகோல். ரிவால்வர், ரைஃபிள் என்றால் அதிகாரிக்குத் தக்க காரணத்தைக் காட்டி நிறைவளிக்க வேண்டும் என்ற தனி அளவுகோல். முதல் முறை விண்ணப்பிப்பவர் இதை அறிந்துகொண்டு கேட்பது நல்லது.

ஆக, மலை வீட்டுக்கு 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை செய்தால் ஓர் உருண்டை எந்த அகலமோ அதுவே அந்தக் குழலின் அகலம், ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். அதன் தோட்டாவில் நிறைந்திருக்கும் ரவைகள் எனும் ஈயக் குண்டுமணிகளில் சிறியவை சில நூறு மீட்டருக்குள் வலுவிழந்து விழுந்துவிடும். எதிர்ச் சரிவுக்கு ஆபத்தில்லை. பெரிய ரவைத் தோட்டா போட்டால் அருகே வந்த பெரிய விலங்கையும் நிறுத்தும். ஆனால் ரவை முறம்போல் விரியும், குறியே வேண்டாம் என்று நம்புவது தவறு. பதினைந்தடித் தூரத்தில், அதாவது ஒரு கூடத்தின் நீளத்தில், அது கை அகலம்தான் விரியும். குறி பார்த்தே ஆகவேண்டும்.

இரட்டைக் குழலா, திருச்சி படைக்கலத் தொழிற்சாலையிலிருந்து வரும் பம்ப் ஆக்‌ஷனா என்றும் கேட்கிறார்கள். பம்பில் தோட்டா அதிகம் கொள்ளும். முன்கட்டையை இழுத்துத் தள்ளினால் அடுத்தது ஏறும். பழகியவர் கையில் அது மேலானது. ஆனால் பதற்றத்தில் பாதி இழுத்து நிறுத்திவிட்டால் தோட்டா சிக்கிக்கொள்ளும். நான் இரட்டைக் குழலையே சொல்வேன். அதை மடித்துத் திறந்தால் இரண்டு துளைகளும் முகத்துக்கு நேரே தெரியும். மின்சாரம் போன இருட்டிலும் விரலை விட்டுத் தடவி, காலியா இல்லையா என்று அறியலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை.

இனி தாத்தாவின் துப்பாக்கி. ஊரைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரத் தோட்டக்காரர் ஒருவரிடம் 1947ல் அவர் வாங்கியது. வெளியே இரண்டு சுத்தியல்கள், குழல் முழுவதும் பாம்புச் சட்டைபோல் நெளிநெளியான கோலம். இரும்பு நாடாவையும் எஃகு நாடாவையும் முறுக்கி, ஒரு தண்டைச் சுற்றிச் சுருட்டி, உலையில் அடித்து ஒட்டவைத்த குழல் அது. டமாஸ்கஸ் குழல் என்பார்கள். குழலைக் கழற்றி அடிப்பக்கத்தை விளக்கருகே பிடித்துப் பார்த்தேன். 'நாட் ஃபார் பால்', அதாவது ஒற்றைக் குண்டுக்கு ஆகாது, என்று பொடி எழுத்தில் பொறித்திருந்தது. 1875க்கும் 1887க்கும் இடையே, முனை குறுகிய குழல்களுக்கு இங்கிலாந்தில் இட்ட முத்திரை அது. நைட்ரோ மருந்துக்கு, அதாவது இன்றைய புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த முத்திரை எங்கும் இல்லை.

இதன் பொருளை, புகையில்லா மருந்து செய்யும் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பழங்காலக் கருமருந்து ஒரு விதமாக எரிகிறது, புகையில்லா மருந்து வேறு விதமாக எரிகிறது. கருமருந்தைத் தாங்கச் செய்த ஒட்டுக் குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால், ஒட்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துரு இருந்துவிட்டால், குழல் பிளப்பது இடது கைக்கு மேலேதான். போதாததற்கு, தோட்டா உட்காரும் அறை அந்தக் காலத்தில் 65 மில்லிமீட்டர், இன்றைய தோட்டா 70 மில்லிமீட்டர். உள்ளே நுழைந்துவிடும், வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். நுழைகிறது என்பதற்காகச் சுடக்கூடாது. பரண்மேல் இப்படி ஒன்று வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முதலில் முத்திரையைப் பாருங்கள்.

சேகரிப்புக்கு அதைவிட அழகான பொருள் கிடையாது, தற்காப்புக்கு அது ஆகாது. எந்த விதத்திலும் சுடவே முடியாத பழம்பொருள் என்றால் ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. சுடக்கூடிய நிலையில் இருந்தால் அதற்கும் உரிமம் வேண்டும், இரண்டில் ஓர் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது இடம் காலியாக இருப்பவருக்கு நான் சொல்வது .22 ரைஃபிள். தற்காப்புக்கு அல்ல, சுடக் கற்றுக்கொள்ள. உதைப்பு இல்லை, ஓசை குறைவு. கோவையில் ரைஃபிள் கிளப் இருக்கிறது, மலையிறங்கிப் போய்ப் பழகலாம். அதற்கும் முன்னால் ஏர் ரைஃபிள்: .177 அளவுக்கும் 20 ஜூல் விசைக்கும் மிகாததற்கு உரிமம் தேவையில்லை. அட்டையில் சுடத்தான் அது. கருமந்தியையும் மலை அணிலையும் சுட்டால் வனவிலங்குச் சட்டம் பாயும், பாயவும் வேண்டும்.

நாட்டுத் துப்பாக்கி பற்றி ஒரு வரி. உரிமமின்றி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஐந்து ஆண்டு சிறை. பட்டறைக் குழல் வெடித்தால் கண் போகும். பேச்சுக்கே இடமில்லை.

எந்தத் துப்பாக்கியானாலும் சுடும் உரிமை குறுகியது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு பற்றியவை. தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்பது அவற்றின் அடிப்படை. விலங்கு என்றால் தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமில்லை என்கிறது வனவிலங்குச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. தேயிலைக்குள் நிற்கும் காட்டுமாட்டுக்கு அது பொருந்தாது.

எங்கள் வீட்டுக்கே ஒரு மழைக்கால இரவில் கரடி வந்தது. எண்ணெய் வாடைக்கு வந்து சமையலறைக் கதவின் கீழ்ப்பலகையைப் பிய்த்துவிட்டது. துப்பாக்கி இரும்பு அலமாரியில், தோட்டா வேறு அறையில், சாவி என் தலையணைக்கடியில். சாவியைத் தேடி எடுப்பதற்குள் என் மனைவி எல்லா விளக்கையும் போட்டு, எண்ணெய் டின்னைக் கரண்டியால் அடித்து அதைத் துரத்திவிட்டாள். அதன் பிறகு நான் வாங்கியது இரும்புக் கதவும் வாசல் விளக்கும். அலமாரியைப் பூட்டும் பழக்கத்தை மாற்றவில்லை.

இன்னொன்று, நீலகிரியின் ஈரம். தோல் உறைக்குள் வைத்தால் தோல் ஈரத்தை இழுத்துக் குழலில் பூசிவிடும். பழைய பருத்தி வேட்டியில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பூட்டிய அலமாரிக்குள்ளேயே திறந்த தாங்கியில் நிறுத்துங்கள். தென்மேற்குப் பருவமழையில் வாரம் ஒரு முறை, மற்ற நாளில் மாதம் ஒரு முறை.

சித்தப்பா .315ஐ வியாபாரியிடம் ஒப்படைத்தார். அவருக்கு வயது 72. எழுபது வயதானாலோ இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ உயிருடன் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாம் என்று 2016 ஆயுத விதிகளில் இருப்பதைக் காட்டினேன். தாத்தாவின் துப்பாக்கி சித்தப்பாவின் மகளான என் தங்கை பெயருக்கு மாறியது. ரிவால்வரை மட்டும் என் பேச்சைக் கேட்காமல் வைத்துக்கொண்டார். சென்ற ஆண்டு அதையும் கொடுத்துவிட்டு இந்தியத் தயாரிப்பான இரட்டைக் குழல் ஒன்று வாங்கினார். மாதத்தின் முதல் ஞாயிறு தங்கை பழையதன் குழலைக் கழற்றி, மடியில் வேட்டித் துணி விரித்து எண்ணெய் தடவுகிறாள். எண்ணெய் பட்டதும் அந்த நெளிகோலம் ஒவ்வொரு வளையமாக வெளியே வருகிறது.